இழைக்குள் எழும் எக்சிட்: நிரல் முடிவும் அதை ஆவணப்படுத்தும் முறையும்

நிரலை முடித்துவைக்க எழுதப்படும் எக்சிட் அழைப்பு, ஒற்றை இழையில் ஓடும் நிரலில் எந்தக் குழப்பமும் தருவதில்லை. அழைத்த இடத்தோடு ஓட்டம் நிற்கும். வெளியேற்றக் குறியெண் ஒன்று இயங்குதளத்திடம் போய்ச் சேரும். த்ரெட் எனப்படும் இழைகள் ஒரே நிரலுக்குள் பல ஓடத் தொடங்கியதும் அந்தத் தெளிவு போய்விடுகிறது. முடிவது அழைத்த இழை மட்டுமா, நிரல் முழுவதுமா? மற்ற இழைகளின் கையிலிருக்கும் வேலை என்ன ஆகும்? திறந்திருக்கும் கோப்பில் இன்னும் எழுதப்படாத வரிகள் எழுதப்படுமா? சி மொழியில் இவற்றுக்கு ஒரு விடை. பைத்தானில் ஏறத்தாழ நேர்மாறான விடை. விடை மொழிக்கு மொழி மாறுவது பெரிய குறையல்ல. அது மாறுகிறது என்பதை ஆவணங்கள் வாசகர் தேடும் இடத்தில் சொல்லாமல் விடுவதுதான் குறை.

ஒரு மாதிரி நிரலை வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். இடுக்கி மாவட்டத்தில் ஆனைக்கரைக்கு அருகிலுள்ள புற்றடியிலும், மலைக்குக் கீழே தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் ஏலக்காய் மின்ஏலம் நடக்கிறது. 2007-இல் தொடங்கிய இந்த முறையில் வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன் அமர்ந்து லாட் லாட்டாக விலை கேட்கிறார்கள். இதைப் போன்ற ஓர் ஏலத்தைப் பாடத்துக்காக நிரலாக எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். அங்கே உண்மையில் ஓடும் மென்பொருளைப் பற்றிய பேச்சு அல்ல இது. மாதிரி நிரலில் ஒவ்வொரு கணினியிலிருந்தும் வரும் விலையைப் பெற்றுக்கொள்ள ஓர் இழை, லாட்டின் நேரத்தை எண்ண ஓர் இழை, ஏற்ற விலைகளைக் கோப்பில் எழுத ஒரு பதிவு இழை, இவற்றைத் தொடங்கிவைத்த முதன்மை இழை என்று அமைகின்றன. ஏலம் நடுவில் இருக்கும்போது டிஸ்க் நிறைந்துவிடுகிறது. பதிவு இழையால் எழுத முடியவில்லை. நிரலர் அந்த இடத்தில் பிழைக் குறியெண் 1 கொடுத்து எக்சிட் என்று எழுதியிருக்கிறார். அடுத்த நொடி என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

சி மொழியில் எல்லாம் நிற்கும். 1989-இல் சி தரப்படுத்தப்பட்டபோது அதில் இழைகளே கிடையாது. எக்சிட் என்றால் நிரலின் முடிவு என்பது அப்போதே நிலைத்துவிட்டது. 1995-இல் போசிக்ஸ் தரத்தில் இழைகள் சேர்க்கப்பட்டபோது அந்தப் பொருள் கைவைக்கப்படவில்லை. இழை ஒன்றை மட்டும் முடிக்கப் பித்ரெட்_எக்சிட் என்ற தனி அழைப்பு வந்தது. பின்னர் 2011-ஆம் ஆண்டின் சி தரம் பித்ரெட்_எக்சிட்டுக்கு இணையான தன் சொந்த அழைப்பையும், அவசர முடிவுக்குக் குயிக்_எக்சிட்டையும் சேர்த்தது. ஆக, மாதிரி நிரலின் பதிவு இழை எக்சிட் என்றதும் விலை கேட்கும் இழைகள் உட்பட மொத்தமும் முடியும். மெயின் செயற்கூறு திரும்பினாலும் இதே கதைதான், ஏனெனில் மெயினிலிருந்து திரும்புவதும் எக்சிட்டை அழைப்பதும் ஒன்றே. முதன்மை இழை பித்ரெட்_எக்சிட் மூலம் போனால் மட்டும் மற்ற இழைகள் தொடர்ந்து ஓடும். கடைசி இழை முடியும்போது குறியெண் 0 உடன் நிரல் முடியும்.

இந்த விடை எளிமையாகத் தெரிந்தாலும் அதன் உள்ளே சிக்கலான ஓர் இடைவெளி இருக்கிறது. எக்சிட் உடனே கெர்னலுக்குப் போவதில்லை. முதலில் அட்எக்சிட் மூலம் பதிவு செய்யப்பட்ட செயற்கூறுகளைத் தலைகீழ் வரிசையில் ஓட்டுகிறது. சி++ என்றால் நிரல் முழுவதற்குமான பொருட்களின் அழிப்பிகளும் இந்தக் கட்டத்தில் ஓடும். பிறகு பஃபரில் தங்கியிருப்பதைக் கோப்புகளில் எழுதுகிறது. அதற்கும் பிறகுதான் நிரலை உண்மையில் முடிக்கும் _எக்சிட்டை அழைக்கிறது. இவ்வளவும் நடக்கும் நேரமெல்லாம் மற்ற இழைகள் உயிரோடு ஓடிக்கொண்டே இருக்கின்றன. பதிவு இழை அழித்துவிட்ட ஒரு பட்டியலில் விலை கேட்கும் இழை இன்னொரு விலையைச் சேர்க்கப் பார்க்கும். நிரல் அங்கே விழும். நிரல் ஒழுங்காக வேலை செய்து முடித்து, வெளியேறும் நேரத்தில் மட்டும் எப்போதாவது விழுகிறது என்ற புகார்களில் கணிசமானவை இந்த இடைவெளியில் பிறப்பவை. பத்து முறை ஓட்டினால் ஒன்பது முறை வராது என்பதால் சோதனையிலும் அகப்படாது.

இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் எக்சிட்டை அழைத்தால் என்ன என்பது இன்னும் கூர்மையான கேள்வி. சி தரத்தின்படி எக்சிட்டை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழைத்தால் விளைவு வரையறுக்கப்படாதது. டிஸ்க் நிறைந்ததைப் பதிவு இழையும், நேரம் முடிந்ததை நேர இழையும் ஒரே கணத்தில் கண்டு இரண்டும் எக்சிட் என்றால் அட்எக்சிட் பட்டியல் இருமுனையிலிருந்தும் இழுபடும். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஜிலிப்சி நூலகம், இரண்டாவதாக அழைக்கும் இழை காத்திருக்கும்படி 2024-இல்தான் இதைத் திருத்தியது. ரஸ்ட் மொழியின் நூலகமும் இதே ஆபத்தைத் தவிர்க்கத் தன் பக்கம் ஒரு பூட்டைச் சேர்த்தது. இழைகள் தரத்தில் நுழைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்த ஓட்டை திறந்தே கிடந்தது என்பது, முடிவு என்ற கட்டத்துக்கு வடிவமைப்பாளர்கள் எவ்வளவு குறைவாகக் கவனம் கொடுத்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

லினக்ஸ் கெர்னலின் வரலாறு, ஆவணம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி. தொடக்கக் காலத்து லினக்ஸ்த்ரெட்ஸ் நூலகத்தில் ஒவ்வோர் இழையும் கெர்னலின் கண்ணுக்குத் தனித்தனிப் புராசஸாகவே தெரிந்தது. எக்சிட் என்ற கெர்னல் அழைப்பு, அழைத்த இழையை மட்டும் முடித்தது, இன்றும் அப்படித்தான். எல்லா இழைகளையும் ஒரே வீச்சில் முடிக்க எக்சிட்_குரூப் என்ற புதிய அழைப்பு 2.5.35 பதிப்பில் வந்தது. ஜிலிப்சி 2.3 முதல் _எக்சிட் என்ற நூலக அழைப்பு உள்ளுக்குள் எக்சிட்_குரூப்பையே அழைக்கிறது. பெயர் மாறவில்லை, செயல் மாறிவிட்டது. _எக்சிட்டின் கையேட்டுப் பக்கம் இந்த மாற்றத்தை, எந்தப் பதிப்பிலிருந்து, எதற்காக என்று ஒரே பத்தியில் சொல்கிறது. பழைய கணினியில் நிரல் ஏன் வேறுவிதமாக முடிகிறது என்று தேடுபவருக்கு அந்த ஒரு பத்தி போதும்.

விண்டோஸிலும் எக்சிட்புராசஸ், எக்சிட்த்ரெட் என்று இரண்டு தனித்தனி அழைப்புகள். எக்சிட்புராசஸ் முதலில் மற்ற இழைகளை நிறுத்திவிட்டு, பிறகு டிஎல்எல்களுக்கு முடிவை அறிவிக்கிறது. லினக்ஸின் வரிசைக்கு இது எதிர். நிறுத்தப்பட்ட இழை ஏதாவது பூட்டை வைத்துக்கொண்டு போயிருந்தால், முடிவு வேலையில் அந்தப் பூட்டைத் தேடும் டிஎல்எல் முட்டிக்கொண்டு நிற்கும் அபாயம் இங்கே உண்டு.

ஜாவாவில் எந்த இழை சிஸ்டம்.எக்சிட் என்றாலும் ஜேவிஎம் முழுவதும் முடிகிறது. முன்கூட்டியே பதிவான ஷட்டவுன் ஹூக்குகள் ஒவ்வொன்றும் தனி இழையாக, எந்த வரிசையும் இல்லாமல், ஒரே நேரத்தில் ஓடும். மற்ற இழைகளும் அதுவரை ஓடிக்கொண்டிருக்கும். ட்ரை பகுதிக்குள் எக்சிட் அழைக்கப்பட்டால் அதன் ஃபைனலி பகுதி ஓடாது. கோப்பை மூடும் வரியை ஃபைனலியில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை இது ஏமாற்றும். ஷட்டவுன் ஹூக்குக்குள்ளிருந்தே மறுபடி சிஸ்டம்.எக்சிட்டை அழைத்தால் அந்த அழைப்பு திரும்பவே திரும்பாது. ஹூக்கு எதுவும் வேண்டாம், இந்தக் கணமே நிற்க வேண்டும் என்றால் ரன்டைம்.ஹால்ட். இன்னொரு பக்கம், மெயின் முடிந்துபோனாலும், டீமன் எனப்படும் பின்னணி இழை அல்லாத இழை ஒன்றாவது மிச்சமிருக்கும்வரை ஜேவிஎம் முடியாது. சியில் பழகியவர் ஜாவாவுக்கு வரும்போது இடறும் இடம் இதுதான். பெரிய நிரலில் எக்சிட்டை அழைத்தது யார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு என்பதால், ஜாவா 21-இல் அந்த அழைப்பைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. ஆவணம் சொல்ல முடியாததை நிரலே ஓடும்போது சொல்கிறது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு.

பைத்தான் தனியாகவும் விரிவாகவும் பார்க்கப்பட வேண்டியது. அதற்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. கேரள அரசின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கி, 2017-இல் கைட் என்ற நிறுவனமாக மாறியது. அதன் வழியாகப் பள்ளிக் கணினிகளில் கட்டற்ற லினக்ஸ் நிலைபெற்றது. உயர்நிலை வகுப்புகளின் ஐசிடி பாடத்தில் பைத்தான் இடம்பெற்றது. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் நிரலாக்கத்தைச் சந்திக்கும் முதல் இடங்களில் இது ஒன்று. அவர்கள் எழுதும் முதல் நிரல்கள் ஒற்றை இழையில் ஓடுபவை. அங்கே சிஸ்.எக்சிட் எழுதினால் நிரல் முடிகிறது. 'சிஸ்.எக்சிட் என்றால் நிரல் முடியும்' என்று மனத்தில் பதிகிறது. அந்த வாக்கியம் பாதிதான் உண்மை என்பது, இழைகளைத் தொடும் நாளில்தான் தெரியவரும்.

சிஸ்.எக்சிட் எதையும் நிறுத்துவதில்லை. சிஸ்டம்எக்சிட் என்ற விதிவிலக்கை எழுப்புகிறது, அவ்வளவுதான். அது முதன்மை இழையில் எழுந்து, யாரும் பிடிக்காமல் உச்சிவரை போனால் நிரல் முடிகிறது. வேறோர் இழையில் எழுந்தால் அந்த இழையின் உச்சியோடு நின்றுவிடுகிறது. சாதாரண விதிவிலக்கு என்றால் இழை விழும்போது திரையில் பிழை விவரமாவது வரும். சிஸ்டம்எக்சிட்டை மட்டும் த்ரெடிங் தொகுதி ஓசையின்றி விழுங்கிவிடுகிறது. மாதிரி நிரலுக்குத் திரும்பினால் இதன் விபரீதம் புரியும். டிஸ்க் நிறைந்த கணத்தில் பதிவு இழை மட்டும் மறைகிறது. திரையில் ஒரு வரியும் இல்லை. விலை கேட்கும் இழைகள் தொடர்ந்து விலையை ஏற்கின்றன, நேர இழை லாட்டுகளை அடைக்கிறது, எதுவும் கோப்பில் ஏறவில்லை. மாலையில் ஏலம் முடிந்து முதன்மை இழை இயல்பாகத் திரும்பும்போது குறியெண் 0, அதாவது எல்லாம் நலம் என்று இயங்குதளத்துக்குத் தகவல் போகிறது. நிரலர் கொடுத்த 1 எங்கும் போய்ச் சேரவில்லை.

இதே பதிவு வேலை த்ரெட்பூல்எக்சிகியூட்டர் வழியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் நடப்பது வேறு. அது சிஸ்டம்எக்சிட் உட்பட எல்லா விதிவிலக்குகளையும் பிடித்து ஃபியூச்சர் என்ற பொருளில் வைத்துக்கொள்கிறது. முதன்மை இழை அந்த ஃபியூச்சரின் விடையைக் கேட்கும்போது விதிவிலக்கு அங்கே மீண்டும் எழுகிறது. எழுந்த இடம் முதன்மை இழை என்பதால் நிரல் முழுவதும் முடிகிறது. விடையைக் கேட்காவிட்டால் எதுவும் நடக்காது. ஒரே வரி, ஒரே இழைக்குள், சுற்றியிருக்கும் ஏற்பாட்டைப் பொறுத்து இரண்டு விளைவுகளைத் தருகிறது.

முதன்மை இழையில் அழைத்தாலும் ஒரு காத்திருப்பு உண்டு. டீமன் அல்லாத இழைகள் முடியும்வரை பைத்தான் காத்திருக்கும். அதன் பிறகே அட்எக்சிட் செயற்கூறுகள் ஓடும். முடிவில்லாச் சுழலில் இருக்கும் ஓர் இழைக்கு 'நில்' என்று சொல்லும் வேலையை அட்எக்சிட்டில் வைத்தால், அந்த வேலைக்கு முறையே வராது: இழை முடிந்தால்தான் அட்எக்சிட், அட்எக்சிட் வந்தால்தான் இழை முடியும். டீமன் இழை என்றால் காத்திருப்பு இல்லை. பாதி வேலையில் அறுபடும். எந்த இழையிலிருந்தும் உடனே நிறுத்த ஓஎஸ்._எக்சிட் இருக்கிறது. அது பஃபரைக்கூட எழுதாமல் போய்விடுவதால் ஏலக் கணக்கு போன்ற வேலைக்கு அதைக் கைப்பழக்கமாக்கக் கூடாது. ஈவென்ட் என்ற பொதுக் கொடி ஒன்றைப் பதிவு இழை உயர்த்துவது, முதன்மை இழை அதைக் கண்டு மற்ற இழைகளை நிறுத்திச் சேர்த்துக்கொண்டு தானே சிஸ்.எக்சிட்டைக் குறியெண் 1 உடன் அழைப்பது என்பதே ஒழுங்கான வழி. எழுத வேண்டிய வரிகள் கொஞ்சம் கூடும். பெயரில்லாத எக்செப்ட் பகுதி சிஸ்டம்எக்சிட்டையும் பிடித்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். எக்செப்ட் எக்செப்ஷன் என்று எழுதினால் பிடிக்காது.

ரூபியும் இதே பெயரில், சிஸ்டம்எக்சிட் என்ற விதிவிலக்கையே எழுப்புகிறது. ஆனால் வேறோர் இழையில் எழுந்தாலும் அதை முதன்மை இழைக்குக் கடத்தி நிரலை முடிக்கிறது. பெயரும் பொறிமுறையும் ஒன்று, முடிவு நேரெதிர். இழையை மட்டும் முடிக்கத் த்ரெட்.எக்சிட் இருக்கிறது; முதன்மை இழையில் அதை அழைத்தால் நிரலே முடியும். பெர்லில் எந்த இழையின் எக்சிட்டும் மொத்த நிரலையும் முடிக்கும். இழையோடு நிற்க வேண்டுமானால் த்ரெட்ஸ் தொகுதியின் சொந்த எக்சிட்டை அழைக்க வேண்டும், அல்லது தொகுதியை ஏற்றும்போதே 'த்ரெட்ஸ்_ஒன்லி' என்ற விருப்பைக் கொடுத்து எக்சிட்டின் பொருளையே மாற்றலாம். அந்த விருப்பு வசதியானதுதான். ஆனால் நிரலின் தலையில் உள்ள ஒரு வரி, ஆயிரம் வரி தள்ளியிருக்கும் எக்சிட்டின் பொருளை மாற்றிவிடுகிறது. ஓடும் இழைகள் மிச்சமிருக்க நிரல் முடிந்தால் எத்தனை இழைகள் அந்த நிலையில் இருந்தன என்று பெர்ல் எச்சரிக்கிறது. இதை மற்ற மொழிகளும் பின்பற்றலாம்.

கோ மொழியில் ஓஎஸ்.எக்சிட், கோரூட்டீன் எனப்படும் இலகு இழைகளில் எதிலிருந்து வந்தாலும் உடனடி முடிவு. செயற்கூறு முடியும்போது ஓட்டுவதற்கென டிஃபர் செய்து வைத்தவை எவையும் ஓடா. லாக்.ஃபேட்டல் உள்ளுக்குள் இதையே அழைக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை, ஏனெனில் அதன் பெயர் பதிவேட்டில் எழுதும் வேலையைப் போலத் தோன்றுகிறது. ரன்டைம்.கோஎக்சிட் அழைத்த கோரூட்டீனை மட்டும், டிஃபர்களை ஓட்டியபின், முடிக்கும். ரஸ்டின் புராசஸ் எக்சிட், எந்த இழையின் அடுக்கிலும் அழிப்பிகளை ஓட்டாது. நோட்.ஜேஎஸ் பைத்தான் பக்கம் சேர்கிறது: வொர்க்கர் இழைக்குள் புராசஸ்.எக்சிட் என்றால் அந்த வொர்க்கர் மட்டும் முடியும். புராசஸ் என்ற பெயரைத் தாங்கியும் புராசஸை முடிக்காத அழைப்பு இது. அதன் ஆவணம் அதை வெளிப்படையாகச் சொல்கிறது.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஆவணம் எழுதுபவர் எதற்கெல்லாம் விடை சொல்ல வேண்டும் என்பது தெரிகிறது. எது முடிகிறது என்பது முதலாவது. முதன்மை இழையிலிருந்து அழைப்பதற்கும் மற்ற இழையிலிருந்து அழைப்பதற்கும் வேறுபாடு உண்டா என்பது அதனோடு ஒட்டியது. மற்ற இழைகளுக்காகக் காத்திருக்கிறதா, அறுத்துவிடுகிறதா. துப்புரவு வேலைகளில் எவை எந்த வரிசையில் ஓடும், எவை ஓடா. அப்போது மற்ற இழைகள் ஓடிக்கொண்டிருக்குமா. கொடுத்த குறியெண் வெளியே போய்ச் சேருமா. இரண்டு இழைகள் ஒருசேர அழைத்தால் என்ன. இவற்றில் எதற்கும் விடை 'வரையறுக்கப்படவில்லை' என்றால் அதையும் எழுத வேண்டும். சொல்லாமல் விட்டால், தன் கணினியில் கண்டதையே விதி என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

உள்ளடக்கத்துக்கு இணையாக இடமும் முக்கியம். இழைகளைப் பற்றிய அத்தியாயத்தின் ஆழத்தில் எக்சிட்டின் நடத்தையை எழுதிவைப்பதால் பெரிய பயன் இல்லை. எக்சிட்டைத் தேடுபவர் எக்சிட்டின் பக்கத்தைத்தான் திறப்பார். அவர் நிரலில் இழை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஏதோ ஒரு நூலகம் அதைத் தொடங்கியிருக்கும். எனவே அந்தப் பக்கத்தின் முதல் பத்தியிலேயே அது வர வேண்டும். பைத்தானின் சிஸ்.எக்சிட் பக்கம் இதை ஓரளவு செய்கிறது: முதன்மை இழையில் அழைத்து, விதிவிலக்கு இடையில் பிடிபடாமலும் இருந்தால்தான் புராசஸ் முடியும் என்று சொல்கிறது. ஆனால் மற்ற இழையில் என்ன நடக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விழுங்கப்படும் செய்தி த்ரெடிங் பக்கத்தில் தனியாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, தமிழில் இப்படி எழுதலாம்:

'சிஸ்.எக்சிட், சிஸ்டம்எக்சிட் விதிவிலக்கை எழுப்பும். முதன்மை இழையில் அழைத்தால், டீமன் அல்லாத மற்ற இழைகள் முடிந்தபின் நிரல் கொடுத்த குறியெண்ணுடன் முடியும். வேறு இழையில் அழைத்தால் அந்த இழை மட்டும் எந்தச் செய்தியும் இன்றி முடியும், நிரல் தொடரும், குறியெண் பயன்படாது. வேறு இழையிலிருந்து நிரலை முடிக்க வேண்டுமானால் முதன்மை இழைக்குத் தகவல் அனுப்பி அங்கிருந்து அழைக்கவும்.'

நான்கே வாக்கியங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், பணியில் இருப்பவருக்கும் உதவும். பள்ளிப் பாடத்தில் இழைகளைக் கற்பிக்க வேண்டியதில்லை. 'நிரல் முடியும்' என்ற இடத்தில் 'முதன்மை இழையில் அழைத்தால் நிரல் முடியும்' என்று எழுதினால் பின்னாளில் மறக்கவைக்க வேண்டிய ஒன்றைக் கற்பிக்காமல் இருக்கலாம். 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் வெளியிட்டுவரும் கணியம் போன்ற முயற்சிகளும் அறிமுகப் பாடங்களில் இந்தச் சொற்றொடரை முதலிலிருந்தே பழக்கலாம்.

நூலகம் எழுதுபவர்களுக்குக் கூடுதல் கடமை உண்டு. தன் செயற்கூறு எந்த நிலையிலாவது எக்சிட்டை அழைக்கும் என்றால் அதை அந்தச் செயற்கூறின் பக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். அழைக்காமல் பிழையைத் திருப்பித் தருவது அதைவிட நல்லது, ஏனெனில் நிரல் எப்போது முடிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அதை எழுதியவருடையது. நடத்தை மாறிய பதிப்பு எண்ணும் ஆவணத்தில் இருக்க வேண்டும். _எக்சிட்டின் கையேட்டுப் பக்கம் காட்டிய வழி அது.

எழுதிய ஒவ்வொரு கூற்றுக்கும் சிறு சோதனை நிரல் ஒன்று கூடவே இருப்பது ஆவணத்தைப் பழுதாகாமல் காக்கும். துணை இழை ஒன்றைத் தொடங்கி, அதில் குறியெண் 3 கொடுத்து எக்சிட்டை அழைத்து, முதன்மை இழையை இரண்டு நொடி காத்திருக்கவைத்து, அதன்பின் ஒரு வரியை அச்சிடச் செய்தால் போதும். அந்த வரி திரையில் வருகிறதா, ஷெல்லில் கேட்டால் குறியெண் 3 வருகிறதா 0 வருகிறதா என்பதே விடை. சியிலும் ரூபியிலும் வரி வராது, 3 வரும். பைத்தானில் வரி வரும், 0 வரும். குறியெண்ணில் கீழ் எட்டு பிட் மட்டுமே யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் வெளியே தெரியும் என்பதால் சோதனைக்கு 256 போன்ற எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது 0 ஆகத் தெரிந்து, தோல்வியை வெற்றியாகக் காட்டிவிடும்.